பூனைக்கும் கோழிக்கும் சொன்ன சேதி

குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் வந்தது. இயந்திரம் பழுதானால் முதலில் அறிகுறி, அடுத்து அவசரம், அதன்பின் செய்து பார்த்தவை என்று வரிசையாக எழுதச் சொல்வார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது விடவில்லை. ஒரே வித்தியாசம், இப்போது அதே கொப்பியில் வீட்டு விஷயங்களும் ஏறிவிடுகின்றன. ஒரு பக்கம் இப்படித் தொடங்குகிறது:

அறிகுறி: அம்மாவும் அத்தையும் பேசுவதில்லை.
எப்போதிலிருந்து: வியாழன், மாலை ஐந்தே முக்கால்.
காரணம்: நாடகம்.
அவசரம்: அடுத்த ஞாயிறு அண்ணனுக்குப் பரிசம்.

அத்தை, அப்பாவின் அக்கா. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் வழியாக உப்பு இருக்கிறதா என்று கேட்கலாம், தும்மினால் மறுபக்கத்திலிருந்து பதில் வரும். அத்தை கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். அம்மா இன்னும் மலைக்குப் போகிறார்.

இருவரும் ஆறரை மணி நாடகத்தை அவரவர் வீட்டில், அவரவர் டிவியில், சுவர் வழியாகப் பேசிக்கொண்டே பார்ப்பார்கள். கதாநாயகனுக்கு ஞாபகம் போய் இரண்டு வருடமாகிறது. அவனுக்கு மனைவி என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர். அம்மா மூத்தவள் கட்சி, அத்தை இளையவள் கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் காட்சியில் காட்டும் இதயத்துடிப்பு இயந்திரத்தின் வயர் எதிலும் செருகப்படவில்லை என்பதை நான்கு முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நான்கு முறையும் இரு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக என்னை வாயை மூடச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாடு கெட்டது அத்தைக்குப் போன் வந்ததால். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவருடைய மகன் தீபாவளிக்கு வாங்கிக்கொடுத்தது. மாலையில் டிவியில் வருவது அந்தப் போனில் பகல் பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும். அத்தை இரண்டு வாரம் அதை ரகசியமாக வைத்திருந்தார். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன இது, அழுவுற இடத்துல அத்தை பக்கத்துலேர்ந்து சத்தமே வரல?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

அந்த வியாழக்கிழமை அம்மா கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, நனைந்து, மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஏறி வந்துகொண்டிருந்தார். அத்தை வாசலில் நின்றார். அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"புள்ள, விசயம் தெரியுமா? லொறி அடிச்சிருச்சு. ஆளு முடிஞ்சான்."

என் அண்ணன் ஹட்டனில் ஆட்டோ ஓட்டுகிறான். அம்மா கூடையைப் போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "எம்புள்ள! எம்புள்ள!" என்று தலையில் அடித்துக்கொண்டார். லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் அழவே ஆரம்பித்துவிட்டார். நான் அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"என்னடி, பாணா வாங்கிட்டு வரணும்?" என்றான் அண்ணன்.

அத்தை அதன் பிறகுதான், "ஐயே, நாடகத்துல வர்ற புருசனைச் சொன்னேன்" என்றார்.

அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. அத்தை அவசரமாக, "திடீர்னு டிவியில பாத்தா நீ தாங்க மாட்டியேன்னுதான் முன்னாடியே சொன்னேன்" என்று விளக்கம் கொடுத்தார். அது நிலைமையை மோசமாக்கியது.

"எனக்கு உசுரும் போயி வந்துச்சு, நாடகமும் போச்சு" என்றார் அம்மா. "இனிமே உங்க வாயால எனக்கு ஒரு சேதியும் வேணாம்."

"அப்ப எனக்கும் வேணாம்" என்றார் அத்தை. கதவுகள் மூடின. பாண் ரொட்டி வாங்குவதா வேண்டாமா என்று அண்ணன் இன்னும் போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேசுவதில்லை என்றால் அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் பேச்சு நின்றால் ஜாடை ஆரம்பிக்கும். அதாவது சொல்ல வேண்டியதை அந்த ஆளைத் தவிர வேறு எதையாவது பார்த்து, அந்த ஆளுக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அம்மா எங்கள் பூனையைத் தேர்ந்தெடுத்தார். அத்தையிடம் ஒரு சிவப்புக் கோழி இருந்தது.

"ஏ பூனை, சில பேருக்கு வயசு ஆவுது, புத்தி ஆவல. நீயாச்சும் ஒழுங்கா இரு."

"கோழி, இங்க வா. நீ முட்டை போட்டா மட்டும் கொக்கரி. சில பேரு ஒண்ணும் ஆவாமலே ஊரைக் கூட்டுவாங்க."

மூன்றாம் நாளே கோழி வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது. பூனைக்குப் பிரச்சினை இல்லை. திட்டு முடிந்ததும் நெத்தலித் தலை கிடைப்பதால் அது நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாவிட்டால். அண்ணனுக்குப் பார்த்த பெண் டயகமவில் இருக்கிறாள். அண்ணன் இரண்டு வருடமாகப் பழகிய அந்தப் பெண்ணைத் தெரியாதது போல நடித்து, பெரியவர்களே தேடிக் கண்டுபிடித்த மாதிரி கொண்டுவந்து சேர்த்திருந்தான். எங்கள் குடும்பத்தில் பரிசத்துக்குப் போகும்போது முதல் தட்டை மாப்பிள்ளையின் அத்தைதான் தூக்க வேண்டும். பெண்ணின் அப்பாவோ கண்டிப்பானவர். போன முறை வந்தபோதே, "எல்லாரும் ஒத்துமையா வாங்க. ஒரு தலை குறைஞ்சாலும் நான் தட்டைத் தொட மாட்டேன். என் மூத்த மவளுக்கு அப்படித்தான் ஏமாந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் அத்தையிடம் போய் நின்றான்.

"வர்றதுக்கு என்ன மருமவனே, நான் தூக்கி வளத்த புள்ள நீ. ஆனா கூப்புட வேண்டியவங்க கூப்புடணும்."

அம்மாவிடம் வந்தான்.

"நான் எதுக்குக் கூப்புடணும்? வர்றவங்க வரட்டும். நான் பூனைகிட்ட வேணும்னா சொல்லி விடுறேன்."

அப்பா என்ன செய்தார் என்று கேட்டால், பின்புறத்துக் காய்கறித் தோட்டத்தில் லீக்ஸ் பாத்தியைப் பார்க்கப் போனார். வீட்டில் சத்தம் உயர்ந்தால் அப்பா லீக்ஸ் பார்க்கப் போவார். அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் ஒரு களை இல்லை.

நான் செய்து பார்த்தவை இரண்டு. முதலில் வாட்ஸ்அப். அத்தை தன் பக்க நியாயத்தைச் சொல்ல, நான் பதிவு செய்து அம்மாவுக்குப் போட்டுக்காட்டினேன். அம்மா பதிலுக்குப் பதினொரு நிமிடம் பேசினார். அதில் ஏழு நிமிடம் நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு கல்யாணத்தில் தனக்கு வந்து சேராத கறித்துண்டைப் பற்றியது. அதை நான் அத்தைக்கு அனுப்பவில்லை. புதிய பழுதை ஏற்படுத்தக் கூடாது என்பது அடிப்படை விதி.

இரண்டாவது முயற்சி அண்ணனுடைய யோசனை. அவன் அத்தை வீட்டு வாசலில் குந்தி, கோழியைப் பார்த்து, "கோழி, அம்மாவுக்கு வருத்தமாத்தான் இருக்காம், வெளிய சொல்ல மாட்டேங்குறாங்க" என்று உருக்கமாகச் சொன்னான். உள்ளேயிருந்து அத்தை, "டேய், அது என் கோழி. நீ உங்க பூனைகிட்டப் பேசு" என்றார்.

தொழிற்சாலையில் என் வேலை கலர் சோர்ட்டர் என்ற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது. தேயிலை அதற்குள் கொட்டும்போது கமராக்கள் குச்சியையும் நாரையும் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும், காற்று அவற்றை ஊதித் தள்ளும். அளவுக்கு மீறி நுட்பமாக வைத்துவிட்டால் நல்ல தூளையும் ஊதித் தள்ளிவிடும். அந்த வாரம் நான் அதன் முன்னால் நின்று வேறு இரண்டு பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பராமரிப்புத் தாளின் பின்பக்கத்தில் ஒரு படமும் போட்டேன். நான்கு பெட்டிகள்: அம்மா, பூனை, கோழி, அத்தை. நடுவில் அம்புக்குறிகள். அத்தையிலிருந்து அம்மாவுக்கு வரும் கோட்டில் ஒரு வெட்டு.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்த மெசின்?"

"வீட்டு மெசின், சேர்."

"ம்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "எர்த் குடுத்திருக்கா?"

"இல்ல சேர்."

"அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சண்டை தொடங்கி எட்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை. பகல் முழுவதும் காற்று. நான் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தபோது இரண்டு வீட்டிலும் டிவி இருண்டு கிடந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே டிஷ். லயத்தின் ஓரத்தில் மரம் மறைக்காத இடம் என்பதால் அத்தை வீட்டுக் கடைசிச் சுவரின் உச்சியில் அதைப் பொருத்தி, இரண்டு வயர் இழுத்திருந்தோம். காற்று அதைத் திருப்பிவிட்டிருந்தது. அம்மா உடனே பூனையைக் கூப்பிட்டு, டிஷ் தானாகத் திரும்புமா என்று விசாரித்தார்.

அன்றைக்கு நாடகத்தில் நீதிமன்றத் தீர்ப்பு. எந்த மனைவி உண்மையான மனைவி என்று நீதிபதி சொல்லப்போகிறார். இரண்டு வருடம் காத்திருந்த தீர்ப்பு. அத்தைக்குப் போன் இருந்தும் பயன் இல்லை, டேட்டா புதன்கிழமையே முடிந்துவிட்டிருந்தது.

"மருமவளே, நீ படிச்ச புள்ளதானே?" என்றார் அத்தை, ஏணியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து.

டிஷ் திருப்புவதில் படிப்புக்கு அதிக வேலையில்லை. ஒருவர் மேலே நின்று நூல் நூலாகத் திருப்ப வேண்டும், ஒருவர் டிவி முன்னால் நின்று சிக்னல் எத்தனை வீதம் என்று கத்த வேண்டும். படத்தை மறைத்து அந்த எண்ணை மட்டும் காட்டும் பக்கத்தைத் திறக்கும் பொத்தான் அத்தை வீட்டு ரிமோட்டில் வேலை செய்யாது. ஆகவே எங்கள் டிவியைத்தான் பார்க்க வேண்டும், அம்மாதான் பார்க்க வேண்டும். அண்ணன் ஹட்டனில். அப்பா லீக்ஸ் பாத்தியில். அம்மா எங்கள் வாசலிலிருந்து கத்தினால், சுவரின் அந்தப் பக்கம் ஏணியில் நிற்கும் எனக்குக் காற்றில் கேட்கவில்லை. நடுவில், திரும்பும் மூலையில் ஒருவர் நின்று வாங்கிச் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்தது அத்தை மட்டும்.

நான் ஏணியில் ஏறி, நட்டைத் தளர்த்தி, ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டேன். கையில் பிடித்துக்கொண்டு திருப்ப முடியவில்லை. அது தவறு என்று பிறகு தெரிந்தது.

கொஞ்சம் திருப்பினேன். அம்மாவின் குரல் மெல்லியதாகக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. மூலையில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"முப்பத்தெட்டுன்னு பூனைகிட்டச் சொல்றாங்க" என்றார் என்னிடம்.

இன்னும் திருப்பினேன்.

"நாப்பத்தஞ்சு. பூனைகிட்ட."

"அத்தை, பூனைய விடுங்க, நம்பரை மட்டும் சொல்லுங்க. கொஞ்சம் மெதுவாத் திருப்புறேன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க."

அத்தை சுற்றிலும் பார்த்தார். கோழி கொய்யா மரத்தடியில் இருந்தது. அதன் பக்கம் கையைக் காட்டி, "கோழி! மெதுவாத் திருப்புறாளாம்! கண்ணை இமைக்காமப் பாக்கணுமாம்!" என்று மலையே அதிரக் கத்தினார்.

இது நன்றாகவே போனது. ஐம்பது வந்தது. ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு நூல் இடது பக்கம், ஐம்பத்திரண்டு. ஒரு நூல் வலது பக்கம், நாற்பத்தொன்பது. கல்லூரியில் சொன்னபடி உச்சத்தைத் தேடி முன்னும் பின்னும் போனேன். எந்த ஒழுங்கும் தெரியவில்லை. அறுபது வராமல் படம் வராது. மணி ஆறேகால். கை மரத்துப்போனது.

"அத்தை, அம்மா சொல்றதை அப்படியே சொல்றீங்களா?"

"அப்படியே எப்படிச் சொல்றது?" என்றார் அத்தை. "உங்கம்மா எதையும் கூட்டித்தான் சொல்லுவா. கால் கிலோ மீன் வாங்குனா அரைக் கிலோன்னுவா. நான் பார்த்து பத்து, பன்னெண்டு கழிச்சுத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நான் ஏணியில் நெற்றியை முட்டிக்கொண்டேன். இத்தனை நேரமும் சரியான இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். சில தடவை பத்து, சில தடவை பன்னிரண்டு. எந்தத் தடவை எது என்று அத்தைக்கே நினைவில்லை.

இதற்குள் அம்மாவுக்கும் ஏதோ எட்டியிருக்க வேண்டும். பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஏ பூனை, அறுவத்தெட்டு! அறுவத்தெட்டு!" என்றார்.

"அம்பத்தாறு" என்றார் அத்தை என்னைப் பார்த்து.

அம்மா மூலைவரை வந்துவிட்டார். பூனையைக் கண்ட கோழி மரத்தடியிலிருந்து பறந்து அத்தையின் தோளை இடித்துக்கொண்டு போனது. கோழியைக் கண்ட பூனை அம்மாவின் கையைப் பிராண்டிவிட்டுக் குதித்தது. இரண்டும் தேயிலைக்குள் மறைந்தன. மூலையில் இரண்டு பெண்கள் மட்டும், பார்த்துப் பேச எதுவும் இல்லாமல் நின்றார்கள்.

"மதினி! நான் அறுவத்தெட்டுன்னு சொன்னேன்! அம்பத்தாறுன்னு சொன்னேனா?"

"கண்ணாடி போட்டுப் பாத்தியா புள்ள?"

"எதுக்குக் கண்ணாடி? எட்டு எனக்குத் தெரியாதா? நீங்கதான் உசுரோட இருக்கறவனை லொறியில அடிக்க விட்டவங்க!"

"அவன் நாடகத்துல அடிபட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்? லொறியை நானா ஓட்டுனேன்?"

"எம்புள்ளன்னு நெனச்சேன் மதினி! நெஞ்சு நின்னு போச்சு!"

"ஆமா, அது தப்புதான்" என்றார் அத்தை, பக்கத்து லயத்துக்கும் கேட்கும் குரலில், இன்னும் சண்டை போடுகிற மாதிரியே. "யாருன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சிருக்கணும். தப்புதான்! இப்ப நம்பரைக் காட்டு, நானே பாக்குறேன்!"

இருவரும் உள்ளே போனார்கள். எட்டு நாளைக்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுப் படியைத் தாண்டினார். நான் டிஷ்ஷை இருந்த இடத்திலேயே அசையாமல் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து முதலில் அத்தை, "அறுவத்தெட்டேதான்" என்றது கேட்டது. அடுத்து நாடகத்தின் பாட்டு. ஸ்பானரை எடுத்துக் கொடுங்கள் என்று கத்தினேன். மறுபடி கத்தினேன். யாரும் வரவில்லை. கையை விட்டால் தீர்ப்பு போய்விடும்.

இருபது நிமிடம் கழித்து அண்ணனின் ஆட்டோ ஏறி வந்தது. ஏணியில் டிஷ்ஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் தங்கையைப் பார்த்தான். உள்ளே கேட்கும் கூச்சலையும் கேட்டான்.

"யாருடி?"

"அம்மாவும் அத்தையும்."

"சண்டையா?" அவன் முகம் மலர்ந்தது. "நேரடியாவா?"

"நேரடியா. முதல்ல அந்த ஸ்பானரை எடு."

அவன் ஸ்பானரை எடுக்காமல் கதவருகே ஓடி ஒட்டுக்கேட்கப் போய்விட்டான். திரும்பி வந்து, உள்ளே விளம்பர இடைவேளையில் நடந்ததை எனக்குச் சொன்னான். அதை அன்றே கொப்பியில் எழுதிவைத்தேன்.

அம்மா: "ஞாயித்துக்கெழமை ஏழு மணிக்கு வேன் வருது. ரெடியா இருங்க."

அத்தை: "கூப்புடுற லச்சணமா இது? வெத்தலை பாக்கு இல்லாம, சவர்க்கார விளம்பரத்துக்கு நடுவுல?"

அம்மா: "விளம்பரம் முடியப்போவுது. வருவீங்களா, மாட்டீங்களா?"

அத்தை: "பச்சைச் சேலையா, அரக்கா?"

தீர்ப்பு என்ன ஆனது என்றால், நீதிபதி வாயைத் திறந்ததும் தொடரும் என்று போட்டுவிட்டார்கள். இரு கட்சிகளும் சேர்ந்து நீதிபதியைத் திட்டின. அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு முறையாக ஒருமுறை போய் வந்தார். நட்டை நான்தான் இறங்கி, ஸ்பானரை எடுத்து, மறுபடி ஏறி முடுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் தலவாக்கலையைத் தாண்டும் முன்பே இருவரும் நான்கு விஷயங்களில் சண்டை போட்டுவிட்டார்கள்: யன்னல் சீட், பூவின் நீளம், அத்தையின் வாந்தி மாத்திரை, வேன் போக வேண்டிய பாதை. டயகம வந்து இறங்கியதும் அத்தை அரக்குச் சேலையில் முதல் தட்டைத் தூக்கினார். பின்னால் அம்மா, "சாயுது மதினி, நேராப் புடிங்க, தேங்கா உருளுது" என்றபடியே நடந்தார்.

பெண்ணின் அப்பா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் கூட்டத்தை ஒவ்வொரு தலையாகப் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டீங்களா?"

"நான் வந்துட்டேன்ல, பெறகென்ன?" என்றார் அத்தை. "சீக்கிரம் தட்டை வாங்குங்க சம்மந்தி, கை கடுக்குது. பின்னால இவ வேற காதுகிட்டக் கத்திக்கிட்டே இருக்கா."

அவர் அத்தையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். அண்ணன் பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து ஒரு துணியை எடுத்து முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டு, மடித்து மறுபடி அங்கேயே வைத்தான். அது பெண்ணுக்கு எடுத்த ரவிக்கைத் துணி. நான் பார்த்தேன், பெண்ணும் யன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.